பென்ஷன் கனடாவுக்கு வராது, தினா

தினா,

விசா வந்துவிட்டது என்று நீ அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். முதலில் சந்தோஷத்தில் கேட்டேன். பிறகு அதில் பானு எங்கே வருகிறாள் என்று தேடிக் கேட்டேன். "பென்ஷன இங்க டிரான்ஸ்ஃபர் பண்ண ட்ரெஷரில எழுதிக் குடுத்துடும்மா. பானுவ அந்தத் திருப்பதி ஹோம்ல சேத்துட்டா வேல முடிஞ்சிது. நீ பொட்டி கட்டிக்கினே இரு" என்றாய். பென்ஷனுக்கு ஒரு வாக்கியம், உன் தங்கைக்கு ஒரு வாக்கியம், பெட்டிக்கு ஒரு வாக்கியம். முடிக்கப் போகும்போது நினைவு வந்தது போல, இன்னும் மூன்று மாதத்தில் உனக்கு அந்த நாட்டுக் குடியுரிமை உறுதிமொழி இருக்கிறது, வீடியோவில் பார்க்கலாம், பானுவுக்கும் காட்டு என்றாய். இத்தனை வருஷம் பனியில் கிடந்தும் 'கட்டிக்கினே' என்கிற பேச்சு உன்னை விட்டுப் போகவில்லை. அந்தச் செய்தியில் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "பாத்துக்கலாம்மா" என்பாய். நீ பார்த்துக்கலாம் என்று சொன்ன எதையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. எழுதினால் நடுவில் வெட்ட முடியாது. தமிழ் எழுத்து உனக்கு மெதுவாகத்தான் வரும் என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தவனுக்கு, நைட் டியூட்டி இல்லாத நாட்களில் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த தமிழ். மெதுவாகவே படி. இதன் ஒரு பிரதியைப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன், அதற்குக் கோபித்துக்கொள்ளாதே. சித்தூர் ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்த நர்ஸுகளில் பாதிப் பேரின் பிள்ளைகள் கடல் தாண்டித்தான் இருக்கிறார்கள். அவர்களும் இதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு ட்ரெஷரிப் படி ஏறி இறங்குகிறார்கள். நான் தெரிந்துகொண்டது அவர்களுக்கும் ஆகட்டும்.

எனக்கு வர ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. உன் மகளை நான் இன்னும் தொட்டதே இல்லை. செல்லில் பார்க்கும்போதெல்லாம் அவள் நெற்றியில் கை வைத்துச் சூடு பார்க்கத் தோன்றும், அது நர்ஸின் கை, சும்மா இருக்காது. நீ சொன்னதும் திருப்பதிக்குப் போய் கனமான ஸ்வெட்டர் ஒன்று வாங்கி வந்துவிட்டேன். அதை இப்போது பானு போட்டுக்கொண்டு திரிகிறாள். சித்தூர் வெயிலில் வேர்த்து ஊற்றுகிறது, கழற்ற விடமாட்டேன் என்கிறாள். இழுத்துப் பார்த்தால் கையைக் கடிக்க வருகிறாள். சரி, போட்டுக்கொள் என்று விட்டுவிட்டேன்.

நீ சொன்னபடியே ட்ரெஷரிக்குப் போனேன். கௌண்டரில் ஒரு தெலுங்கு அம்மாள், என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் பொறுமை அதிகம். பென்ஷனை மாற்ற வேண்டும் என்றேன். எந்த ஊருக்கு, திருப்பதியா, புத்தூரா, ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். கனடாவுக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை, பாவம், தினமும் கேட்கிற கேள்வி போல. "அதி குதரதம்மா" என்றார். அது ஆகாது என்று அவர் சொன்ன விதத்திலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியை உட்கார வைத்து விளக்கினார். இந்த அரசாங்கம் கொடுக்கிற பென்ஷன் இந்த நாட்டு பேங்க் கணக்கில்தான் விழும். நான் எந்த நாட்டில் போய் இருந்தாலும் விழும், நிற்காது. ஆனால் அங்கேயே தங்கிவிட்டால் என் கணக்கை வெளிநாட்டில் வசிப்பவரின் கணக்காக மாற்ற வேண்டும், அதிலிருந்து வரி போக மிச்சத்தை நானேதான் அங்கே அனுப்பிக்கொள்ள வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை நான் உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நின்றுவிடும். அவ்வளவுதான் கதை. ஆக, பென்ஷன் எங்கேயும் போகாது. போகிறவள் நான்தான்.

எழுந்திருக்கப் போனேன். அந்த அம்மாள் என் விவரத்தைத் திரையில் திறந்து வைத்திருந்தார். வெளிநாடு போகிறவர்கள் குடும்ப விவரத்தைச் சரிபார்த்துவிட்டுப் போவது நல்லது என்று, உங்களுக்குப் பிறகு யார் என்று கேட்டார். கணவர் இல்லை என்றேன். பிள்ளைகள்? ஒரு பையன், வேலையில் இருக்கிறான், கல்யாணம் ஆகிவிட்டது. பெண்? இருக்கிறாள், அவளுக்கு வயதுதான் ஏறியது, புத்தி குழந்தையாகவே நின்றுவிட்டது, தன்னால் ஒரு வாய் சோறு பிசைந்து சாப்பிட முடியாது என்றேன். அப்படிப்பட்ட மகளுக்கு உங்களுக்குப் பிறகு ஆயுசு முழுக்கக் குடும்பப் பென்ஷன் வரும் அம்மா, ஆனால் இங்கே அந்தப் பெண்ணின் பெயரே இல்லையே என்று திரையை என் பக்கம் திருப்பினார். தினா, ஆயிரம் குழந்தைகளைக் கையில் ஏந்திப் பெயர்ப் பட்டியலில் எழுதினவள் நான். என் வீட்டுப் பெண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏன் இல்லை என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது இஞ்சினீயரிங் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். ஆந்திராவின் நகரியிலிருந்து தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டு எத்தனை தூரம்? டவுன் பஸ்ஸில் ஒரு தூக்கம் போடுவதற்குள் மாநிலம் மாறிவிடும். நம் பக்கத்தில் இந்தப் பக்கம் ஒரு கார்டு, அந்தப் பக்கம் ஒரு கார்டு என்று வைத்திருக்காத குடும்பம் குறைவு. பெண் கொடுத்ததும் எடுத்ததும் எல்லைக்கு அந்தண்டைதான், அதனால் யாருக்கும் அது தப்பாகவே தெரிந்ததில்லை. உன் நைனாவும் அப்படித்தான் செய்தார். வெல்ல மண்டியில் கணக்கு எழுதின மனிதர், எந்த ஊரில் எது கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாதது இல்லை. தமிழ்நாட்டுப் பக்கம் ஊனமுற்றவர்களுக்கு மாதாமாதம் உதவி கொடுக்கிறார்கள், முகாமில் டாக்டரும் தமிழிலேயே பேசுகிறார், பானுவைப் பள்ளிப்பட்டிலுள்ள தன் தங்கச்சி வீட்டு விலாசத்தில் சேர்த்துவிடலாம் என்றார். உன் அத்தைக்கும் பிள்ளை இல்லை. பானு அவர்கள் ரேஷன் கார்டில் ஏறினாள். ஊனச் சான்றிதழும் அங்கேயே வாங்கினோம். ஆதாரிலும் அந்த விலாசம்தான். பிள்ளைக்கு வழி செய்துவிட்டேன் என்கிற நிம்மதியோடுதான் அந்த மனிதர் கண்ணை மூடினார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஆந்திர அரசாங்கத்தின் கணக்கில் எனக்கு மகளே கிடையாது, பள்ளிப்பட்டில் யார் வீட்டிலோ ஒரு பானு இருக்கிறாள்.

மெதுவாகச் சரிசெய்துகொள்ளலாமே என்று நீ கேட்பாய். முடியாது. உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் ஒரு காலை நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பை அசைக்க முடியவில்லை. பானுவைக் கூப்பிட்டேன், வந்தாள். கதவைத் திற, பக்கத்து வீட்டுக்குப் போ என்று சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கொடியில் கிடந்த துண்டை எடுத்து வந்து எனக்குப் போர்த்திவிட்டு, ஈரத் தரையில் என்னோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள். அம்மா தூங்குகிறாள் என்று நினைத்திருக்கிறாள். என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். பால்காரர் வந்து மணி அடித்து அடித்துப் பார்த்து, ஜன்னல் வழியாக என் குரலைக் கேட்டு ஆளைக் கூட்டி வரும்வரை அப்படியே கிடந்தோம். எலும்பு உடையவில்லை, நான் நர்ஸ், எனக்கே தெரிந்தது. ஆனால் அந்தத் தரையில் கிடந்தபோது எனக்கு வலியைப் பற்றிய நினைப்பே இல்லை. நான் எழுந்திருக்காமல் போயிருந்தால் இவள் எவ்வளவு நேரம் இப்படிப் படுத்திருப்பாள் என்பது ஒன்றுதான் ஓடியது. பசித்தாலும் எழுந்திருக்க மாட்டாள், தினா. அம்மா எழுந்தால்தான் சாப்பாடு என்று அவளுக்குத் தெரியும்.

நீ சொன்ன காப்பகத்தையும் போய்ப் பார்த்தேன். பார்க்காமலே குறை சொல்கிறேன் என்று நீ சொல்லக் கூடாது இல்லையா? திருப்பதியிலிருந்து சந்திரகிரி போகிற வழியில் இருக்கிறது. சுத்தமாகத்தான் இருக்கிறது, படுக்கை விரிப்பில் ஒரு கறை இல்லை, ஆயாக்கள் கத்துவதில்லை. ஒவ்வொரு அறையிலும் கேமரா வைத்திருக்கிறார்கள், நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் உங்கள் பிள்ளையைச் செல்லிலேயே பார்க்கலாம் என்று நடத்துகிறவர் பெருமையாகச் சொன்னார். பானு பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை. பிறகு அவரே முக்கியமான ஒன்றைக் கேட்டார். இவளுக்குச் சட்டப்படி காப்பாளர் யார்? ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட, பணம் வாங்க, இடம் பிடிக்காவிட்டால் வெளியே கூட்டிப் போக ஓர் ஆள் வேண்டும், ஆள் இல்லாதவர்களைச் சேர்த்துக்கொண்டு நாங்கள் பட்டது போதும் என்றார். நல்ல மனிதர். அவரிடம் நான் கோபமாக நடந்துகொண்டேன், பஸ் ஏறின பிறகு வருத்தப்பட்டேன்.

அப்புறம்தான் அலைச்சல் ஆரம்பித்தது. முதலில் பள்ளிப்பட்டு. அத்தையின் கார்டிலிருந்து பானுவின் பெயரை எடுக்க வேண்டும், அதற்கு அத்தை கையெழுத்து வேண்டும். அத்தைக்கு முட்டி போய்விட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய்விட்டாள். கோபம் போல என்று நினைத்தேன். கார்டை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இத்தினி வருசம் இதுல எனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சி அண்ணி. ரேஷன் கடைல பேர் படிக்கும்போது அவ பேரயும் சேத்துப் படிப்பாங்க. அதையும் தூக்கினு போறீங்களா?" என்றாள். பானு நடுவில் போய் அத்தையின் மூக்குத்தியைத் திருகிக்கொண்டிருந்தாள். கடைசியில் அத்தையே பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, என் அண்ணன் நல்லதுதானே நினைத்தார் அண்ணி என்று என்னையே சமாதானப்படுத்தினாள். நாங்கள் இரண்டு பேரும் அவருக்காக அழுதோம், ரொம்ப நாள் கழித்து.

அதற்குப் பிறகு ஆதாரில் விலாச மாற்றம், பிறகு நம் பக்கத்து மருத்துவக் குழு. நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா. அன்றைக்கு யூனிஃபாரத்தோடு வரிசையைச் சரிசெய்கிறவளாக இருந்தேன், இப்போது வரிசையில் நின்றேன். என்னைத் தெரிந்த ஒருத்தி, "சிஸ்டர், நீங்க உள்ள வாங்க" என்றாள். வேண்டாம் என்றேன். இவளை மாதிரி இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அந்த வரிசையில் நின்றால்தான் தெரிகிறது, இவர்களில் பலருக்கு அம்மாவை விட்டால் வேறு ஆள் இல்லை என்றும் தெரிகிறது. நரைத்த அம்மாக்கள், மீசை வைத்த குழந்தைகள். பானு எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்வெட்டரோடுதான். சான்றிதழ் வந்தது. ட்ரெஷரி அம்மாள் அந்த வெறுமையான இடத்தில் உன் தங்கையின் பெயரை ஏற்றிவிட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பதறிப்போய், "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு அம்மா, கார்டியன்" என்றார்.

கலெக்டர் ஆபீசில் அதற்கென்று ஒரு குழு இருக்கிறது. வயது வந்துவிட்டால் இந்த மாதிரிப் பிள்ளைக்குப் பெற்ற தாயே ஆனாலும் காப்பாளர் என்று ஓர் உத்தரவு வாங்க வேண்டுமாம். எனக்குக் கொடுப்பார்கள், அதில் சிக்கல் இல்லை. ஆனால் எனக்குப் பிறகு பென்ஷன் பானுவுக்கு வந்தால் அதை அவள் பெயரில் வாங்கிச் செலவழிக்க ஒரு கை வேண்டும். அத்தையால் முடியாது, அவளுக்கே ஒரு கை வேண்டும். என்னோடு சேர்த்து இவளுடைய அண்ணன் பெயரையும் போடுங்கள் என்றேன். எழுதுகிறவர் உன் பெயரைக் கேட்டார், எழுதினார். ஊரைக் கேட்டார், கனடா என்றேன். பரவாயில்லை, வெளிநாட்டில் இருந்தாலும் கூப்பிடும்போது நேரில் வந்தால் சரி, இந்தியக் குடிமகன்தானே என்றார். "இப்போதைக்கு" என்று என் வாயில் வந்துவிட்டது. அவர் பேனா நின்றுவிட்டது. இப்போதைக்கு என்றால் என்ன அம்மா என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்த நிமிஷமே இந்தக் குடியுரிமை போய்விடும், குடிமகன் அல்லாதவரை இந்தச் சட்டத்தில் காப்பாளராகப் போட முடியாது, வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

வேறு யாராவது இருக்கிறார்களா, தினா? நானும் பஸ் ஸ்டாண்டு வரை யோசித்துக்கொண்டே வந்தேன். என் தம்பி மக்கள் ஸ்ரீ சிட்டி கம்பெனிகளில் ஷிப்டு மாற்றி ஷிப்டு ஓடுகிறார்கள், வருஷத்தில் ஒருநாள் எட்டிப் பார்ப்பதே பெரிசு. பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், வாடகைக்கு இருக்கிறார்கள். என் கூட வேலை பார்த்தவர்களுக்கு என் வயது. யோசித்து யோசித்து நீ ஒருத்தன்தான் மிஞ்சினாய். நீயும் அடுத்த மாதம் கையை உயர்த்தி உறுதிமொழி சொன்னதோடு இல்லாமல் போய்விடுவாய். அதை வீடியோவில் பார்த்துக் கைதட்டச் சொல்கிறாய்.

ஆகவே கேட்கிறேன். சுற்றி வளைத்துக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அந்தக் குடியுரிமையை எடுக்காதே. தள்ளிப் போடு என்று கேட்டால் உனக்குச் சுலபமாக இருக்கும், எனக்கும் கௌரவமாக இருக்கும், ஆனால் அது பொய். எடுக்கவே எடுக்காதே என்றுதான் கேட்கிறேன். அங்கேயே இரு. வேலையைப் பார், வீட்டுக் கடனைக் கட்டு. நிரந்தரமாக இருக்கலாம் என்று கொடுத்திருக்கிறார்களே ஓர் அட்டை, அதைப் புதுப்பித்துக்கொண்டே இரு. உன் மனைவி எடுத்துக்கொள்ளட்டும், உன் மகள் பிறக்கும்போதே அந்த நாட்டுக்காரி. வீட்டில் ஒருத்தன் மட்டும் இந்தப் பாஸ்போர்ட்டோடு இரு. விமான நிலையத்தில் நீ மட்டும் தனி வரிசையில் நிற்க வேண்டி வரும், வேலையில் சில வாசல்கள் திறக்காமல் போகலாம், ஓட்டு கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியும், விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நியாயமாகத்தான் கேட்கிறேன் என்று நான் சொல்லவே மாட்டேன். நீயாக உழைத்துச் சேர்த்த ஒன்றைப் பாதியில் கீழே வைக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? ஆனாலும் கேட்கிறேன். எனக்குக் கேட்க வேறு வாசல் இல்லை.

உன்னைப் போகச் சொன்னதும் நான்தான், அதையும் மறக்கவில்லை. ரேணிகுண்டாவில் உன்னை விமானம் ஏற்றிவிட்டு வரும்போது உன் நைனா வழி முழுக்க அழுதுகொண்டே வந்தார். போகட்டும், ஒருத்தனாவது இந்த வீட்டை விட்டுத் தப்பிக்கட்டும் என்றேன் நான். பானுவோடு பிறந்ததால் உன் பிள்ளைப் பருவம் பாதி போய்விட்டது, நீ விளையாடப் போனால் அவள் அழுவாள், உன் சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்தால் அவள் அவர்கள் தட்டிலிருந்து எடுத்துத் தின்பாள், நீ கூசிப்போய் நிற்பாய். அதையெல்லாம் பார்த்தவள் நான். அதனால் உன்மேல் எதையும் வைக்கக் கூடாது என்று இருந்தேன். இப்போதும் அவளை உன் வீட்டில் வைத்துக்கொள் என்று சொல்லவில்லை, அவளுக்கு விசா கிடைக்காது என்பதும் தெரியும். நான் இருக்கும்வரை என்னோடு இருப்பாள். நான் கனடாவுக்கு வரப் போவதில்லை, விசாவை என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள். எனக்குப் பிறகு அந்தச் சந்திரகிரி வழிக் காப்பகத்திலேயே இருக்கட்டும், அவளுடைய பென்ஷன் அதற்குப் போதும், உன் கையிலிருந்து ஒன்றும் வேண்டாம். ஆனால் அங்கே அவள் ஆளில்லாதவளாக இருக்கக் கூடாது. அவளுடைய ஆள் என்று ஒரு பெயர் அங்கே எழுதியிருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று கூடத் தோன்றுகிறது. இந்த வருஷம் நான் உயிரோடு இருப்பதைக் காட்ட நம் தெரு முனையிலுள்ள அரசாங்க வார்டு ஆபீசுக்கு, அந்தச் சச்சிவாலயத்துக்குப் போனேன், பானுவையும் கூட்டிக்கொண்டுதான். டெட்டாலிலும் ஸ்பிரிட்டிலும் கழுவிக் கழுவி என் விரல் ரேகையெல்லாம் தேய்ந்துவிட்டது, மெஷின் எடுக்கவில்லை. அங்கே வேலை செய்கிற பெண் செல்போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, வட்டத்துக்குள் நேராகப் பாருங்கள், கண்ணை மூடித் திறங்கள் என்றாள். மூடித் திறந்தேன். பச்சை டிக் விழுந்தது, இன்னும் ஒரு வருஷத்துக்கு நான் உயிரோடு இருக்கிறேன். எனக்குப் பிறகு பானுவும் வருஷா வருஷம் இப்படிக் காட்ட வேண்டுமா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். சும்மா ஒருமுறை பார்ப்போம் என்று தன் செல்லின் கேமராவைத் திறந்து பானுவுக்கு நேரே பிடித்தாள். பானு முகத்தை மூடிக்கொண்டாள். கையை எடுத்துவிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நான் கெஞ்சினேன், பிஸ்கட் காட்டினேன், அதட்டினேன். அந்தப் பெண் தெலுங்கில் கொஞ்சினாள். நடக்கவில்லை. இவளை எப்படி அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று காட்டுவார்கள் என்று அந்தப் பெண்ணே கவலைப்பட்டுக் கேட்டாள்.

சின்ன வயதில் நீ அவளோடு ஒரு விளையாட்டு விளையாடுவாய், ஞாபகம் இருக்கிறதா? "பானு, ஊதட்டா?" என்று கேட்பாய். அவள் எங்கே இருந்தாலும் ஓடி வந்து, முகத்தை நேராக நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிற்பாள். நீ இமை மேல் ஊதுவாய், அவள் கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்துச் சிரிப்பாள். எச்சில் கண்ணில் படும், இன்ஃபெக்ஷன் ஆகும் என்று நான் உன்னை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். உன் பழைய குரல் செய்தி ஒன்று என் செல்லில் இருந்தது, ஒரு பொங்கலுக்கு அவளுக்கென்று நீ அனுப்பியது, அதில் அந்த வார்த்தை இருந்தது. அதைப் போட்டேன். "பானு, ஊதட்டா?" என்றது உன் குரல்.

சுவர்ப் பக்கமிருந்து திரும்பினாள். முகத்தை நேராக நீட்டினாள். அந்தப் பெண் பிடித்திருந்த செல்லில் முகம் முழுதாகத் தெரிந்தது, கொஞ்சமும் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டு காத்திருந்தாள். யாரும் ஊதவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. குனிந்து நானே ஊதினேன். திறந்தாள். திறந்து, உன்னைத் தேடினாள், தினா. என் முகத்தைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினாள்.

கலெக்டர் ஆபீஸ் குழு கூடுவதற்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். உன் உறுதிமொழிக்கு முந்தைய வாரம். டிக்கெட் போட்டுக் கிளம்பி வா. பென்ஷன் உன் ஊருக்கு வராது, நானும் வரப் போவதில்லை, அவளும் வர முடியாது. வரக்கூடியவன் நீ ஒருத்தன்தான். வந்து அவளுடைய காப்பாளர் என்று அந்தக் கையெழுத்தைப் போடு. அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை வந்து அவள் முகத்தில் ஊதிவிட்டுப் போ, வேறொன்றும் வேண்டாம்.

அம்மா